யாரும் இறங்காத கரை

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் கோழி கூவவில்லை. அதுதான் முதலில் எனக்கு உறைத்தது. நாய் குரைக்கவில்லை, யார் வீட்டு அடுப்பிலிருந்தும் புகை வரவில்லை, ஆற்றில் குதித்துக் கும்மாளமிடும் பிள்ளைகளையும் காணோம். எழுந்து வாசலுக்கு வந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வரை ஆள் புழங்கிய வீடுகளெல்லாம் கதவு திறந்தபடி வெறுமனே நின்றன. பாய், பானை, கோழிக்கூடு எதுவும் இல்லை. படகுத்துறையில் அப்பாவின் படகு மட்டும் கட்டிக் கிடந்தது. அப்பா மரப்படியில் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் போயிட்டாங்கம்மா" என்றார்.

அப்பா போதகர். ஜொகூரின் உள்காட்டில், எண்டாவ் ஆற்றின் கிளை ஒன்றின் கரையில் வாழ்ந்த ஜக்கூன் பழங்குடி மக்களிடம் ஊழியம் செய்யப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அம்மாவும் கூடப் போய்விட்டாள். என்னைப் படிப்புக்காக லாயாங் லாயாங்கில் அத்தை வீட்டில் விட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பார்கள். என் அப்பாவைப் பார்க்க நான் பள்ளி விடுமுறைக்குக் காத்திருந்து, பஸ் ஏறி, லாரி ஏறி, படகும் ஏற வேண்டும். நான் அழும்போதெல்லாம் அத்தை, "ஒங்கப்பனுக்கு ஆத்துத் தண்ணிதான் ஒத்துக்கும் லா, நம்ம வூட்டுத் தண்ணி ஒத்துக்காது" என்பார். அத்தை வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அப்பாவிடம் ஆண்கள் பாடல் கற்றுக்கொள்ள வந்தார்கள். அம்மாவிடம் பெண்கள் எல்லாவற்றுக்கும் வந்தார்கள். காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கக் கூப்பிட்டார்கள், கணவனோடு சண்டை என்றால் எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு நான் போய்ச் சேரும்போது யார் வீட்டுப் பிள்ளையாவது அம்மாவின் மடியில் தலையைக் கொடுத்துப் பேன் பார்க்க விட்டுக்கொண்டிருக்கும். அந்த மடிக்கு நான் விருந்தாளி. பொறாமையில் வெந்திருக்கிறேன்.

ஒரு சாவு நடந்தால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுவது அவர்களுடைய பழைய வழக்கம். வீடுகளை அப்படியே போட்டுவிட்டு ஆற்றின் வேறொரு வளைவில் குடியேறுவார்கள். பிறகு அந்தக் கரையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். கிறிஸ்து உயிர்த்தெழுந்திருக்கும்போது செத்தவர்களைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்று வருடக்கணக்காகப் பிரசங்கம் செய்தார். நோய் முற்றியவர்களைப் படகிலேற்றி மெர்சிங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தொடங்கிய பிறகு குடியிருப்பில் சாவே அரிதாகிவிட்டது. ஒருமுறை மரம் வெட்ட வந்த கூலியாள் ஒருவர் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஒரு குடும்பம்கூட நகரவில்லை. பழைய பயம் விட்டுப்போயிற்று என்று அப்பா ஸ்தோத்திர ஜெபம் நடத்தினார். அன்று இரவு அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதாக அம்மா எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

அதனால்தான் அந்தக் காலை அவரை அப்படி அடித்துப் போட்டது. எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் வீடு நிறையும். கூடாரம் போடுவார்கள், நாற்காலி வரும், பத்து பாகாட், மூவார் ஊர்களிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், யாராவது காப்பிப் பாத்திரத்தோடு அலைந்துகொண்டே இருப்பார்கள். ஆள் வராத சாவுதான் எங்களுக்கு அவமானம். இங்கேயோ இருந்தவர்களும் எழுந்து போய்விட்டார்கள். "உங்கம்மா அவங்களுக்காகவே வாழ்ந்தா. ஒரு ராத்திரிகூட யாரும் பக்கத்துல இருக்கல. நான் இத்தன வருஷம் பேசினது எல்லாம் தண்ணியில எழுதின மாதிரி போச்சு" என்றார் அப்பா.

நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு தங்கினேன். வீட்டை விட்டு வர மறுத்தார். தானும் கிளம்பிவிட்டால் சாவுக்குப் பயந்தவர்களில் ஒருவனாகிவிடுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாமரத்தில் தொங்கிய லாரிச் சக்கர வளையத்தை வழக்கம்போல் தட்டினார். அந்த ஓசை ஆற்றைத் தாண்டிப் போயிருக்கும். ஒருவரும் வரவில்லை. காலியான பெஞ்சுகளுக்கும் எனக்கும் ஆராதனை நடத்தினார். படகில் போனவர்கள் எதிர்க்கரையை ஒட்டியே போனார்கள். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அப்பா துறையில் நின்று கையைத் தூக்குவார். தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அந்தக் கையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

கடைசியில் ஒரு நாள், "சரிம்மா, உன்கூடயே வந்துர்றேன்" என்றார். அம்மாவைப் புதைத்த ஈரம் காயாத நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஜொகூர் பாருவில் என் அடுக்குமாடி வீட்டில் அவருக்கென்று ஓர் அறை வைத்திருந்தேன். கட்டில், மின்விசிறி, சன்னலுக்குத் திரை எல்லாம் போட்டாயிற்று. சின்ன வயதில் கிடைக்காத அப்பா இப்போதாவது சாயங்காலத்தில் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன்.

புறப்படும் காலையில் தோக் பாத்தின் வந்தார். அந்த மக்களின் தலைவரை அப்படித்தான் அழைப்பார்கள். படகைக் கரை தொடவிடாமல் துடுப்பை ஊன்றி நிறுத்திக்கொண்டு, அங்கிருந்தே மலாய் மொழியில் சத்தம் போட்டார். அப்பாவை அவர்கள் பாடெரி, அதாவது போதகர், என்றுதான் கூப்பிடுவார்கள். குரலில் அவ்வளவு கோபம்.

"பாடெரி, ஏன் இன்னும் அந்த வீட்டுலயே கிடக்கறே? புதுக் கரையில உனக்கு வீடு கட்டி முடிச்சாச்சு. பொம்பளைங்க தினமும் சோறு ஆக்கி வச்சுட்டுக் காத்திருக்காங்க. நீதான் வரமாட்டேங்கற."

"நீங்கதான் என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார் அப்பா.

"உன்னை விட்டுட்டா? மரம் வெட்ட வந்தவன் செத்தான், நாங்க நகர்ந்தோமா? வெளியாளு செத்தா எதுக்கு நகரணும்? இவ எங்க பொம்பளை. எங்க ஆள் செத்தா நாங்க அந்த மண்ணுல இருக்க மாட்டோம். எல்லாத்தையும் போட்டுட்டு எந்திரிச்சிருக்கோம் அவளுக்காக. நீ அவ வீட்டுல படுத்துத் தூங்கறே. உனக்குத் துக்கமே இல்லையா?"

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்றுகூட அழாதவர் அப்போது வாய்விட்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார். "அங்க வந்துட்டா, இவளைப் பார்க்க இங்க வரலாமா?" பாத்தின் இல்லை என்று தலையாட்டினார். அப்பா எழுந்து வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் கல்லறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். பையைத் தூக்கினார். நான் ஏறியிருந்த எங்கள் படகுக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவர் தண்ணீரில் இறங்கி நடந்து பாத்தினின் படகில் ஏறிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கம்மா. உங்கம்மாவ அவங்க ஆளுன்னு சொல்லிட்டாங்க. நான் அவங்ககூட இருக்கணும்" என்றார்.

நான் தனியாக ஊர் திரும்பினேன். அந்த அறையில் இப்போது துணி காயப்போடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தால் இரண்டு நாள் தங்குவார், லிஃப்ட் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று கிளம்பிவிடுவார். பழைய கரையில் அவர் பிறகு கால் வைக்கவே இல்லை. சாயங்காலங்களில் எதிர்க்கரையில் நின்று அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொன்னார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை முடிந்து, வூட்லண்ட்ஸிலிருந்து பாலம் தாண்டி ஜொகூர் பாரு வரும் பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது எனக்கு அந்த நினைப்பு வரும்.

போன வருடம் அப்பா அந்தப் புது வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி எனக்கு எட்டுவதற்குள் அம்மாவின் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அதற்காக ஒரே ஒரு தடவை அந்தக் கரையில் இறங்கியிருக்கிறார்கள். பிறகு அப்பா இறந்த இடத்தையும் விட்டு ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டார்கள். நான் போனபோது இரண்டு கரையிலும் ஆள் இல்லை. பாத்தின்தான் என்னைக் கூட்டிப்போனார். கூடவே இன்னும் இரண்டு படகு நிறைய ஆட்கள் வந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கரையை நெருங்கியதும் எல்லாப் படகும் நின்றன. யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் அவர்களைப் போலவே உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் தப்பாகிவிடுமோ என்று பாத்தினிடம் கேட்டேன்.

"நீ இறங்கலாம்" என்றார். "நீ பட்டணத்து ஆளு. உனக்கு இது கிடையாது."

அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் என் கையை விட்டாள். நான் மட்டும் இறங்கி, முழங்கால் உயரப் புல்லை விலக்கிக்கொண்டு அப்பா அம்மாவிடம் போனேன்.