ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள்

எழுபதுகளில் நான் ரொறன்ரோவில் படவரைஞராக இருந்த கந்தோரில், எங்களுக்கு மேலதிகாரியாகச் சென்னைக்காரப் பொறியியலாளர் ஒருவர் இருந்தார். வழுக்கைத் தலை, அகன்ற கழுத்துப்பட்டி. நகரத்துக்கு நெடுஞ்சாலை போடத் தொடங்கிய காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், தானே மண் சுமந்தவர்போல, "அப்ப இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டல்," என்பார். சாலை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகே அவர் கனடாவுக்கு வந்தவர்.

ஒருநாள் அலுவலாக வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, படத்தில் ஒரு கூரையைத் தொட்டு, "இது எங்கள் வீடு. இடித்துப்போட்டார்கள்," என்றாள். அவர் படத்தின் கண்ணாடியில் பதிந்த விரல் அடையாளத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அவள் போனபின், "பாவம் அந்த மனுசி, சேர்," என்றேன்.

"எந்த அம்மா?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.