ஒருபொழுதும் ஏழு அடையும்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருப்பு கரமனை அக்ரஹாரத்தில். அப்போது என் வயிறு என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. படுத்தால் போதும், நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிறு கல்லாய்க் கனக்கும். விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். பகலில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கி வழிவேன். ஒரு நாள் முக்கியமான உத்தரவின் நகலில் ஒரே வரியை இரண்டு தரம் எழுதிவைத்தேன்.

மலையாளியான மேலதிகாரி கூப்பிட்டார்.

"இனி ஒரு பிராவசியம் இப்படி வந்தா, வேற ஆளை நோக்கேண்டி வரும், கேட்டோ" என்றார்.

இன்னொரு தரம் தவறினால் வேலை போய்விடும் என்று பயந்துபோனேன். ஆரியசாலை மருந்துக் கடைகளில் வாங்கி நான் விழுங்காத பொடி இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. சரி, வயிற்றுக்கும் ஓய்வு, புண்ணியமும் சேரும் என்று ஒருபொழுது இருக்கத் தொடங்கினேன். பகலில் மட்டும் சாதம், ராத்திரி பலகாரம். முதலில் சனிக்கிழமை மட்டும். எரிச்சல் கூடியது. திங்களையும் வியாழனையும் சேர்த்தேன். விரத ராத்திரிகளில் இருந்த கொஞ்சம் தூக்கமும் போயிற்று. இத்தனை விரதம் இருந்தும் தெய்வம் கண் திறக்கவில்லையே என்று எனக்குக் கோபமான கோபம்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இனி செவ்வாயும் ஒருபொழுது என்று வீட்டில் அறிவித்தேன். அடைக்கு அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி குழவியை நிறுத்தினாள்.

"சாதம் சாப்பிடற அன்னிக்காவது செத்த கண் அசர்றேள். விரதத்தன்னிக்கு ஏழு அடை, எண்ணெய் சொட்டச் சொட்ட, தொட்டுக்க வெல்லம் வேற. வயிறு என்னதான் பண்ணும்?"

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று சீறினேன்.

"சொன்னேனே. விரதத்துக்குக் குறுக்கே பேசாதேன்னு கத்தினேள்."

கத்தியது நினைவுக்கு வந்தது.

விரதங்களை விட்டேன். ராத்திரி வெறும் மோர்க்கஞ்சி, அதுவும் விளக்கு வைத்ததும். பத்துப் பதினைந்து நாளில் வயிறு அடங்கியது. வேலையும் பிழைத்தது.

முதன்முதலாக நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், பெருமையோடு அவளிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும். நானும் நேத்திக்குத்தான் தூங்கினேன்" என்றாள்.

ஒவ்வொரு ராத்திரியும் நான் கேட்கும் முன்பே வெந்நீரோடு வந்து நின்றவள் அவள். அத்தனை மாதமும் தூக்கம் கெட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதற்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.