கொடி எடுக்கப் போனவர்

எங்கள் அணியில் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். புதியவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்களோடு ஆட வேண்டும். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் கேப்டன் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த நாலு மூலைக் கொடியையும் புடுங்கிட்டு வந்துடுங்க" என்பார். மைதானத்தைச் சுற்றி வர ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் நாங்கள் கூடி நின்று பேசி, கை தூக்கி, காரியத்தை முடித்துவிடுவோம். எல்லோரும் ஒரு காலத்தில் அதே கொடிகளைப் பிடுங்கியவர்கள்தான் என்பதால் இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒருவரை முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வராது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஞாயிற்றுக்கிழமை லீகில், அதற்குக் கீழே வேறு பிரிவு இல்லை என்கிற பிரிவில் ஆடினோம். பாதிப் பேர் என்னைப் போல மலேசியாக்காரர்கள். மீதியில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தார், இரண்டு பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர்கள். குளிர்காலத்தில் கிரிக்கெட் கிடையாது என்பதால் மட்டுமே அந்த இருவரும் கால்பந்துக்கு வந்திருந்தார்கள். ஆடுவதைவிடப் பேசுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். டிவியில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொருவரும் ஒரு பெரிய கிளப்பையே விலைக்கு வாங்கி நடத்துகிற தோரணையில் வாய் கிழியப் பேசுவோம்.

நான் அணியின் செயலாளர். எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் வேலை, பாப்பாடோயிடோயில் வீடு. முந்தின டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. இங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், பிறகு மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள், பிறகு போன் செய்வதும் குறைந்துவிட்டது. அங்கே நடுக் குளிர்காலமான ஜூலை வந்தும் எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், பல்லைப் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு கிடக்குமே, அப்படிக் கிடந்தேன். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரைக்கும் என்னோடு யாராவது பேசினார்கள் என்றால் அது அந்த மைதானத்தில்தான். அங்கே எனக்கு நடுவில் ஓர் இடம் இருந்தது. பந்து என்னைத் தாண்டித்தான் போகும், சில சமயம் நான் தடுக்க நினைக்கும்போதும்.

அந்த இடத்துக்குத்தான் அவர் வந்தார். எங்கள் கோல்கீப்பர் கூட்டிக்கொண்டு வந்த யாழ்ப்பாணத்து ஆள், முப்பது வயதிருக்கும். புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்கிற கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டு, பாப்பகுராவில் ஓர் அறையில் தனியாக இருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். கொட்டகையில் தமிழ் பேச ஒருவரும் இல்லை. "கிழமையில ஆறு நாள் வாய் திறக்கிறதே கொட்டாவி விடத்தான், அண்ணை" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். அவருக்கு அந்த அணியில் இடம் வேண்டும் என்பது பந்தாடுகிற ஆசை மட்டுமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

அவர் ஓட மாட்டார். ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அது எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது ஞாயிறு நல்ல மழை, மைதானம் சேறு. அன்று அவர் கொடுத்த பந்துகளில் மூன்று கோல் அடித்தோம். ஒன்றை நான் அடித்தேன். அடித்தேன் என்று சொல்வது அதிகம், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தட்டிய பந்து என் காலைத் தேடி வந்தது, காலை நீட்டினேன். இரண்டு சீசனில் என் முதல் கோல். எல்லோரும் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். வீட்டில் ஹீட்டரை அணைத்தேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் வழக்கம்போல அவரைக் கொடிகளுக்கு அனுப்பினார். அவர் சேற்றில் நடந்தார். நாங்கள் பன்னிரண்டு பேர் என் காரின் பின்னால் கூடினோம்.

சிக்கல் என்னவென்றால், மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆட லீகின் பதிவு அட்டை வேண்டும், அந்த சீசனுக்கு எங்களிடம் ஒரே ஒரு அட்டைதான் மிச்சம் இருந்தது. கேப்டன் ஈப்போக்காரர், நிதானமானவர். "பந்து நல்லாத்தான் குடுக்கிறாரு, யாரு இல்லன்னா? ஆனா பந்து பறிபோச்சுன்னா நின்னு வேடிக்கை பாக்குறாருலா. நம்பளுக்குப் பின்னால பெரிய ஓட்டை. இருக்கிற ஒரு அட்டையில ஒரு டிஃபெண்டரைப் போடுவோம்" என்றார்.

கம்ப்யூட்டர்காரர்களில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "கோலே அடிக்காம டிஃபெண்ட் பண்ணி என்னங்க பண்றது? இன்னைக்கு மூணு கோல். மூணும் அவர் குடுத்தது. இப்படி ஒரு ஆள் நம்ம டிவிஷனுக்கு வர்றதே பெருசு."

"சேத்துல எவனும் ஓடல, அதான் அவரு நல்லாத் தெரிஞ்சாரு" என்றார் ஒருவர். "வெயில் வந்தாலும் அவர் ஓடமாட்டார், ஆனா பந்து ஓடும்" என்றார் இன்னொருவர். உதாரணத்துக்கு இங்கிலாந்து கிளப்புகளை எல்லாம் இழுத்தார்கள். அப்படிப்பட்ட ஆளை வாங்கிக் கெட்டுப்போன கிளப், வாங்காமல் கெட்டுப்போன கிளப் என்று இரண்டு பக்கமும் பட்டியல் இருந்தது. கடைசியில் கை தூக்கினோம். வேண்டும் என்று ஐந்து, வேண்டாம் என்று ஐந்து.

கோல்கீப்பர் கையை மழைக்கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். "நான் கூட்டிக்கொண்டு வந்த ஆள். நான் கை தூக்கினா ஊர்க்காரனுக்காகத் தூக்கினவன் எண்டு கதை வரும். நான் இதில இல்லை" என்றார். அவர் நேர்மையைப் பாராட்டி எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேர்மைதான் அந்த ஆளைக் கவிழ்த்தது. மிச்சம் இருந்தது நான் மட்டும்.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அவரு வந்தா உங்க எடத்துலதான் ஆடுவாரு. அதனால நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்றதுதான்." அதை மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். எந்த மனிதனிடம் அதைக் கேட்கக் கூடாதோ அவனிடமே கேட்டார்கள், அத்தனை பேரும் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்கள்.

நான் தலையை ஆட்டினேன். "டிஃபெண்டரே போட்டுக்குவோம்" என்றேன். பொய் இல்லை, பின்னால் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் அதற்காக நான் அதைச் சொல்லவில்லை. என் இடத்தை விட எனக்கு மனம் வரவில்லை. சொன்ன பிறகு சந்தோஷமும் இல்லை, உறுத்தலும் இல்லை. யாரோ ஒரு ஆரஞ்சுத் துண்டை நீட்டினார்கள், வாங்கித் தின்றேன்.

முடிவைச் சொல்வது செயலாளரின் வேலை. அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் மூன்று வாரமாக என் வேலையாக இருந்தது. மோட்டார்வேயில் ஏறியதும் சொன்னேன். "இந்த சீசன்ல எடம் இல்ல தம்பி. டிஃபெண்டர்தான் வேணும்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க."

"ஓம்" என்றார். 

மனுரேவா தாண்டியதும் சாதாரணமாகச் சொன்னார். "நான் கடைசி மூலையில நிண்டனான், அண்ணை. அங்கயிருந்து வடிவாத் தெரிஞ்சது. கை தூக்கினதுக்குப் பிறகு எல்லாரும் உங்களைத் திரும்பிப் பாத்தவை."

 ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போன லாரியையே பார்த்தேன். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

அவர் அறை இருந்த வீட்டின் முன்னால் நிறுத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பினார். "பரவாயில்லை அண்ணை. ஒண்டு கேக்கலாமோ? ஆடாட்டியும் ஞாயிறில வந்து உங்களோட நிக்கலாம்தானே?"

"வாங்க, தாராளமா வாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். வெட்கமாக இருந்தது. காது வரைக்கும் சுட்டது. ஏழு மாதத்தில் எனக்குள் முதலில் திரும்பி வந்தது அந்த வெட்கம்தான். மனைவிக்காக வராத அழுகை அந்தத் தெருவில் காருக்குள் வந்தது, ஆனால் அது யாருக்காக என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு சொன்னபடி பாப்பகுராவுக்குப் போனேன். கதவைத் தட்டினேன், ஆள் இல்லை. மைதானத்துக்கு வந்து கோல்கீப்பரிடம் கேட்டேன். அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார். "கொட்டகையில ஞாயிறும் வேலை கேட்டு எடுத்துப்போட்டான். சும்மா அறையில கிடந்து என்ன செய்யிறது எண்டான்."

ஏழு நாளும் வெங்காயம்.  கேப்டன் சட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னுடையதை வாங்கி மாட்டிக்கொண்டு, நடுவில் போய் நின்றேன்.