மாறிய சீட்டு

மலைக்காடு பற்றி எரிந்த அந்தக் கோடையில், கிங் பள்ளத்தாக்கின் திராட்சையெல்லாம் பை பையாக எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. புகை ஏறிய பழம் வாயில் போட்டால் இனிக்கத்தான் செய்யும்; ஒயினான பிறகுதான் சாம்பல் வாடை வரும். பழத்தைக் கூழாக்கி, கருவியில் ஏற்றி, புகையின் அளவைச் சொல்வது மெரடித் பாஸ்கோவின் வேலை. பத்தொன்பது வருடம் அடுத்த மேசையில் இருந்தவன் நான். அவள் கை பிசகிக் கண்டதில்லை.

திராட்சைத் தோட்டக்காரர் சில்வியோ போர்த்தோலானின் பழத்தில் புகை அதிகம் என்று அறிக்கை போனது. விட்டால் கொடியிலேயே அழுகும் என்று அவரும் மனைவி லொரெடானாவும் அத்தனை கொத்தையும் வெட்டித் தரையில் தள்ளினார்கள்.

நான்காம் நாள், உறைபெட்டியில் இருந்த மிச்சப் பழத்தை மறுபடி சோதித்த மெரடித்தின் முகம் வெளுத்தது. இரண்டு குப்பிகளில் ஒட்டிய பெயர்ச் சீட்டு மாறியிருந்தது. புகை வேறொருவர் பழத்தில். சில்வியோவின் பழம் சுத்தம்.

மேலாளர் டேரல் அந்த இன்னொருவரை அழைத்து அறுவடையை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சில்வியோ பழம் தரைக்குப் போயிடுச்சு. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? விட்டுடு, மெரடித்."

விட்டுவிட்டாள். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலையில் என் மேசையருகே வந்து நின்றாள். "நேத்து ரொட்டிக்கடையில லொரெடானா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'நல்லவேளை நீ முன்னாடியே சொன்னே'ன்னு நன்றி சொல்றா. நான் 'பரவாயில்ல'ன்னு சொன்னேன். கேட்டியா? பரவாயில்லயாம்!"

சில்வியோவின் தோட்டத்துக்குக் காரை நான்தான் ஓட்டினேன்.

சில்வியோ கொட்டகையில் இருந்தார். அவள் உட்காரவில்லை. "உங்க பழத்துல புகையே இல்ல, சில்வியோ. சீட்டை மாத்தி ஒட்டினது நான்தான். தெரிஞ்சு ஒன்பது நாளாச்சு."

அவர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"சீட்டு மாறும். மனுஷங்கதானே. ஆனா என் பொண்டாட்டி நன்றி சொன்னப்போ, உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லொரெடானா திரும்பி உள்ளே போனாள்.

ஆய்வுக்கூடம் இழப்பீடு கொடுத்தது. மெரடித் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தாள், டேரல் வாங்கவில்லை. மறுவருடம் வனத்துறை சருகு எரித்த புகை தோட்டங்கள் மேல் படர்ந்தபோது சில்வியோவின் பை மறுபடி வந்தது. மேலே, "மெரடித்தே பாக்கட்டும்" என்று எழுதியிருந்தார். அவள் கைகழுவும் தொட்டியருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு மூன்று முறை சோதித்தாள்.

லொரெடானா மட்டும் இன்றுவரை அவளிடம் பேசவில்லை. அது நியாயம்தான் என்கிறாள் மெரடித்.