ட்ரயல் பீஸ்

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் அப்பாவின் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் எனக்கு வாய்ப்பது இப்படிப்பட்ட வேலைகள்தான். கடைக்காரப் பெண் நகலைக் கொடுத்துவிட்டு அட்டையைப் புரட்டிப் பார்த்து, "ஓரமெல்லாம் பிஞ்சிருக்கே மேடம், லேமினேட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பாவம், அட்டையைச் சட்டென்று என் கையில் திணித்துவிட்டாள். அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துச் சமாளித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் அந்த மெஷினிலிருந்து வந்த சூடான பிளாஸ்டிக் வாசனை ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தது.

அந்த வாசனை என்றால் எனக்கு அப்பாதான். அவர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் செல்லுக்கும் கரையானுக்கும் மழை ஒழுகலுக்கும் எதிராகக் காகிதங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவருக்கு லேமினேஷன் என்று ஒன்று வந்தபோது எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்கள், அம்மாவின் கண் டாக்டர் சீட்டு, எப்போதோ காலாவதியான ஃப்ரிட்ஜ் வாரண்டி அட்டை என்று வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நான் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துப் பட்டம் வாங்கிய அன்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குத்தான் போனோம். நான் பட்டுப்புடவையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். வெதுவெதுப்பாக வெளியே வந்த பட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இனிமே இதுக்குச் சாவே கிடையாது" என்றார் அப்பா. சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னது உண்மைதான்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு படப்பை போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பில், மெக்கானிக்கல் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. பிரச்சினை வேறு மாதிரி வந்தது. சேர்க்கை குறையக் குறைய, வாத்தியார்களே வீடு வீடாகப் போய் மாணவர்களைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆள் பிடிக்காதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை நிச்சயமில்லை. மே மாத வெயிலில் நோட்டீஸ் கட்டோடு பம்மல், அனகாபுத்தூர் சந்துகளில் அலைந்தேன். ஒரு வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து என்னையும் என் பையையும் பார்த்துவிட்டு, "வாட்டர் ஃபில்டர்தான? எங்க வூட்ல கீது" என்று மூடிவிட்டார். அன்றைக்குத் திருநீர்மலை அடிவாரத்தில் உட்கார்ந்து ஒரு ஜிகர்தண்டா குடித்தேன். எங்கேயாவது போய்விட வேண்டும், ஆனால் வாத்தியாராகவே போக வேண்டும் என்று தீர்மானம் செய்தது அங்கேதான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பாங்காக்கிலும் ஹனோயிலும் நிறைய இடம் இருந்தது. எல்லா விளம்பரத்திலும் அடியில் பொடி எழுத்தில் சில நாடுகளின் பெயர்கள் இருக்கும். அந்தப் பாஸ்போர்ட் இருந்தால்தான் ஆங்கிலம் சொல்லித்தர முடியுமாம். ஒரே ஒரு இடத்தில் வீடியோ நேர்காணல் வரை போனேன். நல்ல புடவை, பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள் என்று ஜோராக உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எங்கள் சேலையூர் மாடிக்கு நேர் மேலே கிளம்பியது. எதிர்ப்பக்கத்து மனிதர் நான் ஏர்போர்ட்டில் இருக்கிறேனா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, என் வீட்டில்தான் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

என் கணவர் சாமுவேல் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாரே தவிர, வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் பம்மல்காரர். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சூப்பர்வைசர். எங்கள் சபையின் இரும்புக் கேட்டை அவர்தான் செய்தார். அந்த வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் அப்பா எனக்கு அவரைக் கேட்டார். சாமுவேல்தான் அவர் வீட்டில் முதல்முதலாக டிப்ளமா முடித்தவர். அவர் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாரும் பத்தாவதைத் தாண்டவில்லை. அந்தச் சான்றிதழையும் அவருடைய அக்கா ஆசையாக லேமினேஷன் செய்து வைத்திருந்தார். பீரோவில் என் பட்டமும் அவருடைய டிப்ளமாவும் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

கடைசியில் எனக்கு வழிவிட்டது அடிஸ் அபாபா. எத்தியோப்பியாவின் தலைநகர். அங்கிருந்து பேராசிரியர்கள் கிண்டியில் ஒரு ஹோட்டலுக்கு வந்து ஆள் எடுக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தது. போனால், தமிழ்நாட்டில் உள்ள அத்தனை ஆங்கில வாத்தியார்களும் கழுத்து டையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே நின்றார்கள். என் முறை வந்தபோது ஒரு வயதான பேராசிரியர் மிக மெதுவான குரலில், எண்பது பேர் இருக்கும் வகுப்பில் எப்படிப் பேச்சு வரவழைப்பாய் என்று கேட்டார். தயாரித்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் மறந்துபோயின. என் மதியத் தூக்க வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவர்களை எழுப்ப, அவரவர் தெருவுக்கு வழி கேட்பேன், ஆங்கிலத்தில் வழி சொல்லியே என்னைக் கூட்டிப்போய் வீட்டில் விட வேண்டும், வழி தவறினால் வகுப்பே சிரிக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் கிண்டியிலிருந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போ என்றார். கூட்டிப்போனேன். பல்லாவரம் சந்தை வரை வந்ததும் போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

தேர்வானதாக மெயில் வந்தபோது நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், சமையல்கட்டில் நின்று நன்றாகவே அழுதேன். ஞாயிற்றுக்கிழமை போதகர் என் பெயரைச் சொல்லி, ஆப்பிரிக்கா செல்லும் சகோதரிக்காக ஜெபித்தார். மிஷனரி ஊழியத்துக்குப் போகிறேன் என்று நினைத்துப் பாதிப் பேர் கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில இலக்கணத்துக்குத்தான் போகிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குச் சேர, பட்டச் சான்றிதழின் பின்பக்கம் சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒன்று, தூதரகத்தில் ஒன்று வாங்க வேண்டும். இதையெல்லாம் முடித்துத் தர எழும்பூரில் ஒரு ஏஜென்ட் இருந்தார். என் பட்டத்தை வாங்கி நகத்தால் டக் டக் என்று தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் மேல யார் மேடம் சீல் குத்துவாங்க?" என்றார். பல்கலைக்கழகத்தில் புதிதாக இன்னொன்று கேட்கலாம், மாதக் கணக்கில் ஆகும். மாத முடிவுக்குள் முத்திரையோடு அனுப்பாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிளாஸ்டிக்கைப் பிரித்துக்கொண்டு வாருங்கள், எழுத்து மட்டும் போய்விடக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மின்சார ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரை வந்தேன். அப்பாவிடம் போனில் சொன்னேன். "நல்லதுக்குன்னுதானேமா பண்ணேன்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஃப்ரீசரில் வை என்றார் ஒருவர், ஸ்பிரிட்டில் ஊற வை என்றார் இன்னொருவர். இஸ்திரிப் பெட்டி போதும் என்று ஒரு வீடியோ சத்தியம் செய்தது. சாமுவேல் என் பட்டத்தை ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் இதைத் தொடாதே என்றார்.

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து வீட்டுப் படியேறும்போதே அந்த வாசனை. மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். ஹாலில் தரையில் பேப்பரை விரித்து, பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார். கையில் பிரிந்து சுருண்ட பிளாஸ்டிக். அதில் கறுப்பு எழுத்துகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. கீழே பழுப்பேறிய காகிதத்தில் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் அது என்னுடையதில்லை என்று தெரிந்தது. அவருடைய டிப்ளமா.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சாவகாசமாகச் சொன்னார். "ஜாப்ல கை வெக்கறதுக்கு முன்னாடி ட்ரயல் பீஸ் போடணும்ல? அதே மெட்டீரியல்ல போட்டாத்தான் தெரியும். உன்னுது மாதிரி பேப்பர், அந்தக் காலத்து லேமினேஷன், நம்ம வூட்ல இது ஒண்ணுதான் கீது."

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் விட்டிருப்பாயா என்றார். உங்கள் படிப்பாயிற்றே என்றேன். "படிப்பு கைல கீது. இத்தக் கேட்டு இதுவரிக்கும் ஒருத்தனும் எனக்கு வேல குடுக்கல. ஹீட்டு ஜாஸ்தி, அதான் எழுத்து தூக்கிகினு வந்திச்சு. இப்ப தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார்.

பக்கத்து போர்ஷன் ஷமீமா அக்கா மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்பவர். மறுநாள் காலை அவருடைய ஹேர் டிரையரோடு வந்துவிட்டார். கல்யாணப் பெண்ணின் கூந்தலைக் காயவைக்கிற பொறுமையோடு அக்கா தள்ளி நின்று சூடு காட்ட, சாமுவேல் ஒரு மூலையிலிருந்து, காகிதத்தைத் தூக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் பின்னால் மடித்து மடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் சமையல்கட்டில் நின்று தெரிந்த பைபிள் சங்கீதத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஷமீமா அக்கா, "வாம்மா, பொண்ணப் பாரு" என்று கூப்பிட்டார். என் பெயர் இருந்தது. முத்திரை இருந்தது. கீழே ஒரு மூலையில் பொன்னிறக் கோடு மட்டும் கொஞ்சம் உரிந்திருந்தது. பல வருடம் கழித்து என் பட்டத்தை விரலால் தொட்டேன். அது சாதாரணக் காகிதமாகத்தான் இருந்தது.

அடிஸ் அபாபாவில் இறங்கியதும் முதலில் தெரிந்தது குளிர். அடுத்தது யூகலிப்டஸ் வாசனை. புளித்த மாவில் ஊற்றிய அவர்களுடைய பெரிய தோசையான இஞ்சேராவைப் பார்த்ததும், இங்கே பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. முதல் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து ஆங்கிலத்தில் என்னை அவள் வீடு வரைக்கும் கூட்டிப்போனாள், இரண்டு இடத்தில் வழி தவறினாள், வகுப்பு சிரித்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த வருடமே சாமுவேலும் வந்தார். அங்கே ஒரு பட்டறைக்காரர் இரண்டு குழாயைக் கொடுத்து வெல்டிங்கில் ஒட்டிக் காட்டச் சொன்னார். ஒட்டிக் காட்டினார், அன்றைக்கே வேலை. அவர் சொன்னது போலவே சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அவர் பேசும் அந்த ஊர் மொழியான அம்ஹாரிக்கில் பம்மல் வாசனை அடிக்கிறது. ஆனால் கடைத்தெருவில் அவருக்குக் கிடைக்கும் மரியாதை எனக்குக் கிடையாது.

இருந்தாலும் எனக்கு உறுத்தல்தான். என் பட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு அடியில் இருக்க வேண்டியது இல்லாதது தெரியும். இந்த லீவில் எப்படியாவது அவருடைய டிப்ளமாவுக்கு ஒரு நகல் வாங்கிவிடுவது என்று, அவரிடம் சொல்லாமலே, படப்பை தாண்டி அவர் படித்த பாலிடெக்னிக்கைத் தேடிப் போனேன். அது இல்லை. ஒர்க்‌ஷாப் இருந்ததாக அவர் சொல்லும் பக்கம் மனைப்பிரிவுக் கற்கள் நட்டு, கலர் கொடி கட்டியிருந்தார்கள். காவலுக்கு இருந்தவர், "காலேஜா? அத்த மூடி ரொம்ப நாளாச்சேக்கா" என்றார். மண்ணைச் சமன் செய்திருந்தார்கள், ஒரு சுவர்கூட மிச்சமில்லை. அவர் பெயர் இருந்த காகிதமும் போய், அதைக் கொடுத்த இடமும் போய்விட்டது என்பதை அங்கே நிற்கும்போது என்னால் தாங்க முடியவில்லை.

தெரிந்தவர் ஒருவரிடம் போனில் விசாரித்ததில், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, கிண்டியில் இருக்கிற தொழில்நுட்பக் கல்வி ஆபீசில் நகல் தருவார்கள் என்று தெரிந்தது. தொலைந்துபோய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்தே அடிஸ் அபாபாவில் இருந்த சாமுவேலைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொலைந்தது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

அந்தப் பக்கம் கிரைண்டிங் மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"அது எங்கமா தொலஞ்சுது?" என்றார் அவர். "செலவாச்சு."