மீதி ஒன்று வரவில்லை

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கிங்ஸ்லிக்கு ஐந்து மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓர் எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டை இரண்டால் பதின்மூன்று கோடி தடவைக்கு மேல் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். எழுதினால் நாலு கோடி இலக்கத்தைத் தாண்டும். அது பகா எண்ணாக இருந்துவிட்டால், கண்டுபிடித்தவன் என்று அவன் பெயரைப் போடுவார்கள். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது போதும்.

"இன்னா ண்ணா, ஆதார் காப்பி இன்னிக்கு வருமா, ஆடிக் கிருத்திகைக்கு வருமா?" என்று ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு வாசலிலிருந்தே கத்துவார்.

கணக்கு ஓடுவதால் பிரிண்ட் ஆமை வேகத்தில் வந்தது. வாடிக்கை பக்கத்துக் கடைக்கு நழுவியது. மனைவி அபிகாயில் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த ஒரு நம்பருதாங்க. இதுவும் இல்லன்னா அத்தோட நிறுத்திடணும்." கிங்ஸ்லி தலையாட்டினான்.

அதிலும் ஒரு தொல்லை. சனிக்கிழமை கடை சாத்தும்போது அவள் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள். அவள் பிறந்த வீட்டில் ஞாயிறன்று மாவு மெஷின்கூட ஓடாது. "ஓய்வு நாள்ல அதுவும் ஓயட்டும்" என்பாள். திங்கட்கிழமை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து கணக்கு மறுபடி நகரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது முடிந்தது. திரையில் ஒரே வரி: பகா எண் இல்லை.

சோற்று டப்பாவோடு வந்த அபிகாயில் அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"எந்த நம்பரு அத வகுக்குதாம்?"

"அது தெரியாது."

"தெரியாமலே எப்டி இல்லன்னு சொல்லுது?"

அவன் கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினான். "ஏழை எடுத்துக்கோ. ஆறு மூணைப் போட்டுப் பெருக்கினா எழுநூத்து இருபத்தொன்பது. ஏழால வகுத்தா மீதி ஒண்ணு. மூணைத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும், அதவிட ஒண்ணு கம்மியான தடவை மூணைப் போட்டுப் பெருக்கி, அதாலயே வகுத்தா, மீதி ஒண்ணுதான் வரும். நம்ம நம்பருக்கு வேற என்னவோ வந்துகீது. அப்ப எதுவோ ஒண்ணு இத வகுக்கும். எதுன்னு இது சொல்லாது."

அவள் டப்பாவைத் திறக்கவில்லை. "நான் சுவிட்ச அணைச்சதால தப்பாப் போச்சாங்க?"

ஆங் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே இன்னொரு தடவை ஓட்டச் சொல்லுவாள். இன்னும் ஐந்து மாதம் நம்பிக்கொண்டிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல அபி. நடுவுல தப்பு வந்தா அதுவே கண்டுபிடிச்சு, பழைய இடத்துக்குப் போயி திரும்பப் போடும். உன் மேல ஒண்ணும் இல்ல. அந்த நம்பரே அப்டித்தான்."

அதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே அடுத்த எண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தது. கிங்ஸ்லி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிறுத்தினான். புரோகிராமையும் அழித்தான்.

"நெஜமாவே எடுத்துட்டீங்களா?"

"ஆங்."

அவன் கல்லா மேஜை மேலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். படிக்கட்டில் யாரோ பான் கார்டை நீட்டினார்கள். அபிகாயில் ஷட்டரைப் பாதி இறக்கி, "ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றாள்.