ஒரு மைக் செட்டுக்கு இரண்டு ஸ்டேஷன்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனின் குரல் ஊர் முழுக்கக் கேட்கும். போலீஸ் ஸ்டேஷன் படியேறினால் மட்டும் அது தொண்டையைத் தாண்டாது.

வெள்ளைத்தாளில் எழுதிய மனுவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எந்த மேஜைக்குப் போவதென்று தெரியாமல் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எனக்குச் சொந்தம். எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்புக்கும் வடக்குத்து கிராமத்துக்கும் நடுவில் கடை போட்டிருந்தேன். அதற்கு முன் ஆறு வருஷம் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று காத்திருந்து, ஆகாது என்று புரிந்தபிறகு ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர் வாங்கினேன். அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான் எனக்கு பர்மனென்ட். அது போனால் மறுபடியும் காண்ட்ராக்டர் வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

மைக் கட்டுவதற்கு ஸ்டேஷனில் பர்மிஷன் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஸ்டேஷன் இரண்டு. பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மேற்கு, கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். எல்லை எங்கே முடிகிறது என்று இரண்டு ஸ்டேஷன்காரர்களுக்கும் தெரியாது. திட்டுவதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை.

முதல் மனு

டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் ஓரத்துக் குவார்ட்டர்ஸில் மஞ்சள் நீராட்டு. மேற்கு ஸ்டேஷனுக்குப் போனேன். "இது எங்க லிமிட் இல்லடா, போ" என்றார் ஏட்டு. கிழக்கே சைக்கிள் மிதித்தேன். "எவன்டா உன்னை இங்க அனுப்புனது?" என்றார் அங்கிருந்தவர். திரும்ப மேற்கு. ஏட்டு சாப்பிடப் போய்விட்டார். அவர் வந்து, கை துடைத்து, கடைசியில் சீல் குத்தினார். அது அவர் லிமிட்தானாம்.

சீட்டோடு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். பெண்ணின் அப்பா மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்த களைப்பிலும் சிரித்தார். "வுடுங்க. பொண்ணோட அத்தைங்க ரெண்டு பேரும் கத்திக்கினே இருந்தாங்க. மைக் இல்லாத குறையே தெரியல" என்றார்.

இறக்கிய குழாய்

அடுத்து ஒரு கல்யாணம். ஒரு குழாயை வீட்டு வேப்பமரத்திலும், இன்னொன்றை ரோட்டுக்கு எதிர்ப்புறம் புளியமரத்திலும் கட்டினேன். கையில் மேற்கு ஸ்டேஷன் சீட்டு பத்திரமாக இருந்தது. நாதஸ்வர ரெக்கார்டு பாதி ஓடியிருக்கும், கிழக்கு ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல முறுக்கு மீசை. இனி அவரை மீசைக்காரர் என்றே சொல்கிறேன்.

"டேய், புளியமரம் எங்க லிமிட். அந்தக் குழாய்க்கு எவன் பர்மிஷன் குடுத்தான்?"

சீட்டைக் காட்டினேன். அது வேப்பமரத்துக்குத்தான் செல்லும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் பார்க்க, நானே மரமேறிக் குழாயை இறக்கினேன். உடம்பெல்லாம் கூசியது. எனக்கு சீரியல் லைட் போட்டுத் தரும் காதர் பாய் கீழே நின்று குழாயை வாங்கிக்கொண்டார். வேப்பமரத்துப் பாட்டு ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தது. மீசைக்காரர் தலை மறைந்ததும் பாய் சொன்னார்: "குழாயை எறக்கிட்டாரு, சரி தம்பி. சத்தத்தை எந்த ஸ்டேஷன்ல கொண்டுபோய் அடைப்பாரு?"

போலீஸ் கூட்டம்

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். போலீசும் பொதுமக்களும் நல்லபடியாகப் பழகவேண்டும் என்று மேற்கு ஸ்டேஷன் ஒரு கூட்டம் போட்டது. பெரிய அதிகாரி ஒருவர் சாயங்காலம் பேச வருகிறார். மைக் செட் என்னுடையது. போலீஸ் கூட்டத்துக்கு போலீசிடமே பர்மிஷன் கேட்பார்களா? நான் சீட்டு வாங்கவில்லை.

மத்தியானம் மைதானத்தில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கிழக்கு ஸ்டேஷன் ஜீப் வந்தது. மைதானம் அவர்கள் லிமிட்டாம். மீசைக்காரர் இறங்கிச் சீட்டைக் கேட்டார். "போலீஸ் மீட்டிங்குங்க" என்றேன்.

"போலீசுக்கே போலீஸ் கதை சொல்றியாடா?" என்று ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேற்கே ஓடினேன். "நீயே போய்க் கேட்டு வாங்கிக்கினு வாடா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கிழக்கே போனால், "ஐயா வரட்டும்." ஒரு போன் போடச் சொல்லிக் கெஞ்சினேன். லைன் கிடைக்கவில்லை என்றார்கள். சைக்கிளில் கால் மணி நேர தூரம். மூன்று தடவை போய்வந்தேன். பெட்டி கண்ணெதிரே பெஞ்சுக்கு அடியில் இருந்தது, அதன்மேல் யாரோ லத்தியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காண்ட்ராக்டர் முகம்தான் ஞாபகம் வந்தது.

கூட்டம் மைக் இல்லாமலே தொடங்கியது. நாலாவது வரிசைக்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி பேச்சை நிறுத்தி, "மைக் எங்கப்பா?" என்றார். முன்வரிசையில் இரண்டு ஸ்டேஷன்காரர்களும் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசியில் நின்றிருந்தேன். அன்றைக்குத்தான் என் குரல் வந்தது.

"ஐயா, உங்க ஸ்டேஷன்லதான் இருக்குதுங்க."

"எந்த ஸ்டேஷன்ல?"

நான் வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை. மேற்கு கிழக்கைக் காட்டியது, கிழக்கு மேற்கைக் காட்டியது. மைதானமே சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப் பறந்தது. திரும்பி வந்தபோது மீசைக்காரர் பெட்டியைத் தோளிலேயே சுமந்துவந்து என்முன் இறக்கினார். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நடந்ததையெல்லாம் மைக்கிலேயே சொல்லச் சொன்னார். இரண்டு மரத்துக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். இனி எந்த ஸ்டேஷன் சீல் இருந்தாலும் போதும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. கூட்டம் கலையும்போது காதர் பாய் சொன்னார்: "தம்பி, பொதுமக்கள் பக்கம் பேச ஆளில்லைனு நெனச்சேன். வாடகைக்கு வந்தவரே பேசிட்டீங்க."

காதுகுத்து

ஆறேழு மாதம் கழித்து மீசைக்காரர் லுங்கியும் சட்டையுமாகக் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்றார். அந்த 'ங்க' காதில் விழுந்ததும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மகளுக்குக் காதுகுத்தாம், ஞாயிற்றுக்கிழமை செட் வேண்டுமாம். பர்மிஷனுக்கு நானே போகிறேன் என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு சீல் இருந்தது. "ஒரு சீல் போதும்னு எனக்கும் தெரியுங்க. ஆனா வூடு மேற்கு லிமிட்டுல இருக்குது. அந்த ஸ்டேஷன்ல லுங்கியோட போன என்னை நாலு வாட்டி நடக்கவுட்டு, எவன்டா நீன்னு கேட்டுட்டாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுலயும் வாங்கிக்கினு வந்துட்டேன்."

அன்றோடு போலீஸ் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை, எதுக்கும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.